பிசுபிசுக்கும் ரப்பர் பூச்சு

பதினைந்து வருடங்களுக்கு முன் வாங்கிய என் கீபோர்டில் சுரம் இன்றும் சுத்தமாகப் பேசுகிறது. ஆனால் குமிழ்களைத் தொட்டால் பலாப்பழம் நறுக்கிய கை போல ஒட்டுகிறது. "தூக்கிப் போட்டுடலாம்ப்பா" என்கிறான் மகன். எனக்குச் சம்மதமில்லை.

இது அழுக்கு அல்ல. கைக்கு மெத்தென்று இருக்க, பிளாஸ்டிக்கின் மேல் பாலியூரித்தேன் பூச்சு அடிக்கிறார்கள். காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல அறுக்க, பூச்சு இளகிப் பசையாகிறது. வெயிலும் ஈரமும் சேர்ந்த சென்னையில் கேட்கவே வேண்டாம். உறை போட்டு மூடி வைத்தாலும் தப்பாது.

மின் இணைப்பை எடுத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் பூச்சு உரிந்து வந்துவிடும். முதலில் மறைவான ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். அச்சிட்ட எழுத்துகளும் சேர்ந்து அழியலாம்; முன்பே போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

கடையில் பத்து நிமிடம் தொட்டுப் பார்ப்பவரை மயக்கத்தான் இந்தப் பூச்சு. இருபது வருடம் வாசிப்பவருக்காக அல்ல. உள்ளே எல்லாம் நன்றாக இருக்க, மேல்பூச்சுக்காக ஒரு வாத்தியம் குப்பைக்குப் போவது அநியாயம். பேரப்பிள்ளைகளுக்கு வாங்கும்போது, பூச்சில்லாத வெறும் பிளாஸ்டிக்கையே கேட்டு வாங்குங்கள்.