படைப்பில் கைவைப்பதா, படைப்பைக் கற்பதா?

"ஸ்டெம் செல் ஆராய்ச்சியா? அது இறைவனின் படைப்பில் கைவைப்பது, நமக்கு வேண்டாம்" என்று ஒரே மூச்சில் தீர்ப்புக் கூறிவிடும் வழக்கம் நம்மவருள் சிலரிடம் காணப்படுகிறது. அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம்: எதைக் கண்டிக்கிறோம் என்று அறிந்துதான் கண்டிக்கிறீர்களா? ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு, அப்பொருளைப் பற்றிய தெளிந்த அறிவின் கிளை என்பது மதரஸாவில் ஓதும் இளம் மாணவரும் அறிந்த விதி. அவ்விதியை விட்டு வழங்கப்படும் தீர்ப்பு, எவ்வளவு பேணுதலோடு வழங்கப்பட்டாலும், தீர்ப்பாகாது.

ஹண்டிங்டன் நோயை எடுத்துக்கொள்வோம். 1872-இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்னும் அமெரிக்க மருத்துவர் இதனை விவரித்தார். தாய், தந்தை இருவருள் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இறங்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் அது தலைகாட்டும். கைகால்கள் வசமிழந்து ஆடும், நினைவு தடுமாறும், குணம் திரியும். அதற்குள் அவர் மணம் முடித்து மக்களையும் பெற்றிருப்பார்.

வெனிசுவேலா நாட்டின் மரக்காய்போ ஏரிக்கரையில் வாழும் ஏழைக் குடும்பங்களிடையே இந்நோய் மிகுதி. தம் தாயை இதே நோய்க்குப் பறிகொடுத்த நான்சி வெக்ஸ்லர் அம்மையாரின் குழுவினர், அம்மக்களுள் 18,000-க்கும் மேற்பட்டோர் அடங்கிய வம்சாவளியைத் தொகுத்தனர். அவ்வேழைகள் ஈந்த இரத்தத்தின் துணையால்தான், நோயின் இருப்பிடம் நான்காம் குரோமோசோம் என்று 1983-இல் தெரிந்தது. 1993-இல் மரபணுவே கைக்குக் கிட்டியது. அம்மரபணுவில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. அது 40 முறையோ அதற்கு மேலோ வந்துவிட்டால், ஆயுள் நீடிக்குமாயின் நோய் வந்தே தீரும்.

குற்றவாளி அகப்பட்டாயிற்று. ஆயின் அவன் நரம்பணுக்களை எவ்வாறு கொல்கிறான்? உயிரோடிருப்பவரின் மூளையை அறுத்துப் பார்க்க இயலாது. இறந்தபின் பார்ப்பதோ, எரிந்து முடிந்த வீட்டின் சாம்பலைக் கிளறித் தீ பற்றிய இடத்தைத் தேடுவதை ஒக்கும்.

இங்கேதான் ஸ்டெம் செல் என்னும் குருத்தணு துணைக்கு வருகிறது. ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாக்கா, நான்கே மரபணுக்களைச் செலுத்தி, வளர்ந்த தோலணுவைக் குருத்தணு நிலைக்குத் திருப்பலாம் என்று 2006-இல் எலியிடத்தும், 2007-இல் மனிதரிடத்தும் மெய்ப்பித்தார். 2012-இல் ஜான் கர்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நோயாளி மனமுவந்து தரும் சிறு தோல்துணுக்கோ இரத்தமோ போதும். அதிலிருந்து அவருடைய நரம்பணுவையே ஆய்வுக்கூடத்தில் வளர்க்கலாம். நலமுள்ளவரின் அணுவோடு அதனை ஒப்பிடலாம். மருந்துகளை முதலில் அதன்மீது சோதிக்கலாம். ஹண்டிங்டன் நோயாளிகளின் அணுக்களை இவ்வாறு வளர்த்த கூட்டாய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. அத்தொடர் நீண்ட நரம்பணுக்கள் நெருக்கடியைத் தாங்காமல் எளிதில் மடிவதை அது காட்டிற்று. இதில் எந்தப் படைப்பு மாற்றப்பட்டது? எந்த உயிர் பறிக்கப்பட்டது?

"கருவை அழித்து எடுக்கிறார்களே!" என்பர். ஆம், 1998-இல் ஜேம்ஸ் தாம்சன் சில நாட்களே வளர்ந்த கருவிலிருந்துதான் மனிதக் குருத்தணுக்களைப் பிரித்தார். அவ்வழி இன்றும் உள்ளது. அதில் கேள்வியும் உள்ளது. அக்கேள்வியை மார்க்க அறிஞர்கள் தட்டிக்கழிக்கவில்லை. 2003-இல் மக்காவில் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹு மன்றம், ஆகுமான வழியையும் ஆகாத வழியையும் பிரித்தே உரைத்தது. வளர்ந்தவர் இசைந்து தருவதும், தொப்புள்கொடியிலிருந்து பெறுவதும், குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் எஞ்சிய கருவைப் பெற்றோர் இசைந்து தருவதும் ஆகும். இதற்கென்றே கருவை உண்டாக்குவதும், வேண்டுமென்றே கலைத்த கருவிலிருந்து எடுப்பதும் ஆகா. அவர்கள் பகுத்து ஆய்ந்ததை நாம் ஏன் ஒரே சொல்லில் மூடுகிறோம்?

மறுபுறம் இன்னொரு கேடு. ஆராய்ச்சியைப் பழிக்கும் அதே வாய், "ஸ்டெம் செல் ஊசி போட்டால் நரம்பு நோய் தீரும்" என்னும் விளம்பரத்தைக் கண்டால் அடங்கிவிடுகிறது. மனைவியின் நகையை விற்றுப் பணம் கட்டுவோரும் உண்டு. உண்மை என்ன? ஹண்டிங்டன் நோயை வேரறுக்கும் மருந்து இன்னும் வரவில்லை. தட்டில் வளரும் நரம்பணு இளையது. பல்லாண்டு முதிர்ந்து வரும் நோயை அது முழுதும் காட்டாது. ஆய்வாளர்களே இதனை ஒப்புகின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறையும், இரத்த நோய்கள் சிலவற்றுக்கான அணுமாற்றம் நீங்கலாக, பிறவற்றை முறையான சோதனையில் அன்றிச் செய்யலாகாது என்கிறது. சோதனைக்கு நோயாளியிடம் பணம் பெறுவதையும் விலக்குகிறது. அறிவைத் துரத்திய வீட்டுக்குள் வணிகன் நுழைவது வியப்பன்று.

மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். தேடுதல் என்பது காத்திருத்தலன்று. கற்றலும் அதில் அடங்கும். ஆகவே குடும்பத்தார்க்கு நாம் வேண்டுவது இது: பரம்பரை நோயை மானக்கேடென்று மறைத்துப் பிள்ளைகளுக்கு மணம் பேசாதீர்கள், மருத்துவரிடம் வம்சாவளியை மறைக்காதீர்கள், முறையான ஆய்வுக்கு இரத்தம் கேட்டால், நோக்கமும் உரிமையும் வினவித் தெளிந்தபின் கொடுக்கத் தயங்காதீர்கள். தீர்ப்புக் கூறுவோர்க்கு நாம் வேண்டுவது இன்னும் சிறியது: முதலில் கற்றுக்கொள்ளுங்கள். மரக்காய்போவின் எழுத்தறியா ஏழை, தன் நோய் தீராது என்று தெரிந்தும் பிறர் பிள்ளைகளுக்காகக் கையை நீட்டினான். கிதாபுகள் சூழ அமர்ந்திருக்கும் நாம், ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவாவது கையை நீட்டலாகாதா?