பருத்தி அடைத்த குடங்கள்

தெருவில் புதிதாக ஒரு டியூஷன் சென்டர் திறந்தால், வாசல் பலகையில் ஆசிரியரின் பெயரைவிட அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்தாம் பெரிதாகத் தெரியும். எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., பிஎச்.டி., அதற்கும் மேலே ‘கோல்டு மெடலிஸ்ட்’. பள்ளிகளின் சேர்க்கை விளம்பரங்களிலும் அவையே. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகும் தகப்பனார் விசாரிப்பதும் அதைத்தான்: வாத்தியார்கள் எல்லாம் என்ன படித்தவர்கள்? நன்றாகப் படித்தவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்பது நம்மிடையே யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள்கூட இதில் ஒத்துப்போகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. பிள்ளைகளுக்குக் கேடு செய்வது. ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையே கோணலாக்கியிருப்பது.

கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தும் ஒன்றும் விளங்காமல் வெளியே வரும் மாணவன் என்ன சொல்கிறான்? “சார் பெரிய ஜீனியஸ்டா. நம்ம மண்டைக்குத்தான் ஏற மாட்டேங்குது.” எத்தனையோ பேர் வாயால் இதைக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் மரியாதையோடுதான் சொல்கிறார்கள். ஆசிரியர் அறிவாளி என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ஆகவே பாடம் புரியாத பழி பதினான்கு வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது. ‘எனக்குக் கணக்கு வராது’ என்று ஒரு மாணவி தீர்மானித்து, பதினோராம் வகுப்பில் வேறு பிரிவுக்குப் போய்விடுகிறாள். நாற்பது வயதிலும் அதையே சொல்கிறாள். தன் மகளிடம் ‘நம்ம குடும்பத்துக்கே கணக்கு வராது’ என்கிறாள். வீட்டுக்கு வீடு நடக்கும் அநியாயம் இது. அநியாயம் என்று யாரும் எண்ணாததால் கேட்பாரில்லாமல் தொடர்கிறது.

பழைய தமிழ் இலக்கண ஆசிரியர் ஒருவருக்கு இந்த மயக்கம் இருக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியராகத் தகுதியில்லாதவர்களை நான்கு உவமைகளால் காட்டுகிறது. முதலாவது, கழற்சிக்காய் போட்ட குடம். போட்ட வரிசையில் காய் வெளியே வராது. கவிழ்த்தால் முன்னது பின்னதாக உருளும். இரண்டாவது, கருக்கு மட்டை கழியாத பனை. யாரையும் ஏறவிடாது, பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. மூன்றாவது, பருத்தி அடைத்த குடம். உள்ளே திணிப்பதும் கடினம், வெளியே எடுப்பதும் கடினம். விரல் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்க வேண்டும். நான்காவது, வளைந்த தென்னை. தண்ணீர் ஊற்றியவன் தோட்டத்தில் வேர், காய் விழுவது பக்கத்து வீட்டில். பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு மாலை டியூஷனில் மட்டும் பாடம் நடத்துகிறவரை எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே பார்த்துச் சொன்னதுபோல் இருக்கிறது.

இந்த நால்வரில் ஒருவரும் அறிவிலி இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு குடங்களும் நிறைந்த குடங்கள். இரண்டு மரங்களும் காய்த்த மரங்கள். இந்த உவமைகளில் கல்வி இல்லாதவரைப் பற்றி நூலாசிரியர் பேசவே இல்லை. நிரம்பக் கற்றும் கொடுக்கத் தெரியாதவரைத்தான் தள்ளிவைக்கிறார். பாடம் சொல்லும் முறையை விளக்கும் இடத்திலும் அப்படியே. அவசரமும் கோபமும் கூடாது, முகத்தில் மலர்ச்சி வேண்டும், எதிரே இருப்பவன் எப்படி வாங்கிக்கொள்வான் என்பதை அறிந்து அவன் மனம் ஏற்கும்படி சொல்ல வேண்டும் என்பது அவர் கேட்கும் தகுதி. நல்லாசிரியரின் இலக்கணத்தில் குலத்தை முதலில் வைத்தவரும் அவர்தான். அதைத் தள்ளியது சரி. ஆனால் அதோடு சேர்த்து, வாங்கிக்கொள்பவனை அறிய வேண்டும் என்பதையும் தள்ளிவிட்டோம். குலம் இருந்த இடத்தில் பட்டத்தை உட்கார வைத்துவிட்டோம்.

வாங்கிக்கொள்பவனை அறிவது என்றால் என்ன? மூன்றாம் வகுப்புக் கணக்கு ஒன்று போதும். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு குழந்தை 35 என்று எழுதுகிறது. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் ‘தப்பு, 25’ என்று சிவப்பு மையால் அடித்துத் திருத்திவிட்டுப் போகலாம். அவர் சொன்னது சரியான விடைதான். ஆனால் அந்த 35 எங்கிருந்து வந்தது? பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க முடியும் என்று குழந்தைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஒன்றுகள் இடத்தில் 7இலிருந்து 2 போனது 5, பத்துகள் இடத்தில் 5இலிருந்து 2 போனது 3. குழந்தை யோசிக்காமல் எழுதவில்லை. கற்ற விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. முந்நூற்று ஐந்து என்றதும் 3005 என்று எழுதும் குழந்தையும் அப்படித்தான். முந்நூறை முழுதாக எழுதிவிட்டுப் பக்கத்தில் ஐந்தைப் போடுகிறது. காதில் விழுந்தது அந்த வரிசையில்தானே. 0.3ஐவிட 0.25 பெரியது என்கிற பிள்ளைக்கு 3ஐவிட 25 பெரியது என்பது நன்றாகத் தெரியும். இந்தத் தவறுகள் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கண்டுபிடித்து, அது எங்கே உடைகிறது என்று குழந்தையே பார்க்கும்படி செய்வதுதான் கற்பித்தல். இந்த அறிவை எந்த எம்.எஸ்ஸி. வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை. பல்லாண்டுகளுக்கு முன்பே கழித்தலைக் கடந்துவிட்டவருக்கு, அது ஒருகாலத்தில் தனக்கும் புரியாமல் இருந்தது என்பதே நினைவிருக்காது.

அமெரிக்காவில் லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1986இல் இதை ஆராய்ச்சி மொழியில் எழுதினார். பாடம் தெரிவது ஒன்று, பொதுவான வகுப்பறை உத்திகள் தெரிவது ஒன்று. இரண்டுக்கும் அப்பால், ஒரு பாடத்தில் பிள்ளைகள் எங்கே இடறுவார்கள், எந்த எடுத்துக்காட்டு அங்கே கைகொடுக்கும் என்பதை அறிவது தனியான ஓர் அறிவு என்றார். லிப்பிங் மா என்ற கல்வி ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட புத்தகம் இதை இன்னும் கூர்மையாக்கியது. 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் அவர் தொடக்கப்பள்ளிக் கணக்குகளைக் கொடுத்தார். அவற்றில் ஒன்று, ஒன்றே முக்காலை அரையால் வகுப்பது. சீன ஆசிரியர்கள் அனைவரும் சரியாகப் போட்டார்கள். அமெரிக்கர்களில் பாதிக்கும் குறைவானவர்களே சரியாக முடித்தார்கள். இதற்கு ஒரு கதைக்கணக்கு சொல்லுங்கள் என்றபோது பல அமெரிக்க ஆசிரியர்கள் ஒன்றே முக்காலை இரண்டு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். அது இரண்டால் வகுப்பது. ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டுகளில் ஊற்றினால் எத்தனை பாக்கெட் என்று கேட்டிருக்க வேண்டும். அமெரிக்க ஆசிரியர்கள் பட்டதாரிகள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள். வேலையில் சேர்ந்த பின் ஆண்டுக்கணக்காகப் பாடநூலைச் சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து அலசியவர்கள்.

பட்டம் பெற்றால் பாடமாவது தெரிந்துவிடும் என்பதும் உறுதியில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் 23 பேரிடம் கோடையும் குளிரும் ஏன் வருகின்றன என்று கேட்டு 1987இல் ஒரு படம் எடுத்தார்கள். 21 பேர் தவறாகச் சொன்னார்கள். சூரியனுக்கு அருகில் போனால் கோடை என்பது பலருடைய பதில். நாம் மார்கழியில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் நாட்களில்தான், ஜனவரித் தொடக்கத்தில், பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது.

சென்னையிலேயே நடந்த ஒரு கதை இருக்கிறது. எழும்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஏற்றார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதை ஒருநாள் பார்த்துவிட்டு, அதைத் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். சம்பளம் வாங்கும் உதவி ஆசிரியர் முடியவே முடியாது என்றார். பெல் அந்தக் கடைநிலை வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். எழுத்துப் படித்து முடித்து அதிக நாள் ஆகாத அந்தச் சிறுவன் வகுப்பை நடத்திக் காட்டினான். சட்டாம்பிள்ளையைக் கொண்டு பாடம் நடத்தும் நம் வழக்கத்தோடு சேர்ந்து இது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போனது. அங்கே அது மலிவுக் கல்வியாகவும் வெறும் ஒப்பித்தலாகவும் தேய்ந்துபோனது. அந்த முறையை நான் கொண்டாடவில்லை. ஆனால் எழுத்து எங்கே பிடிபடாது என்பது அண்மையில் கற்ற சிறுவனுக்குத் தெரிந்திருந்தது, வாத்தியாருக்குத் தெரியவில்லை.

நம் காலத்திலும் இதைப் பார்த்துவிட்டோம். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்பது விதி. பிள்ளைகள் இழந்த கல்வியில் எவ்வளவு மீண்டது என்று கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் அளந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதங்களில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது; அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் வந்தது. அந்தப் பெண்களை அப்படியே ஆசிரியராக்கிவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. ஆயிரம் ரூபாயில் ஆசிரியர் கிடைப்பார் என்று அரசுகள் கணக்குப் போடத் தொடங்கினால் அது இதைவிடப் பெரிய துரோகம். அவர்கள் பயிற்சியும் முழுச் சம்பளமும் பெற வேண்டியவர்கள்.

அப்படியானால் பாடம் தெரியாதவர்களை வகுப்புக்கு அனுப்பலாமா என்று உடனே கேட்பார்கள். கூடாது. பாடம் தெரியாமல் கற்பிக்க முடியாது. ஆனால் பாடம் தெரிவதோடு கற்பித்தல் முடிந்துவிடுவதில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கடல்போல் கற்றவர் ஆயிற்றே, அதனால்தானே உ.வே. சாமிநாதையர் உருவானார் என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். சாமிநாதையர் எழுதியதையே திரும்பப் படியுங்கள். அந்தக் காலத்தில் புலமை மிக்கவர்கள் பலர் இருந்தார்கள். தேடி வருகிறவருக்கு இல்லை என்னாமல், சலிக்காமல் பாடம் சொன்னவராகத்தான் பிள்ளையவர்கள் அந்தப் பக்கங்களில் நிற்கிறார். அவரிடம் நாகூர் குலாம் காதிறு நாவலரும் படித்தார், கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளையும் படித்தார். தம் குருவுக்குச் சாமிநாதையர் இரண்டு பாகங்களில் வரலாறு எழுதியது புலமையை வியந்து மட்டும் அன்று.

இனி நாம் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைப் பாருங்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்விகள். நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதன்முறை நடந்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, 2,448 பேர் தேறினார்கள். தேறாதவர்களுக்குக் கற்பிக்கத் தெரியாது என்று அப்போது ஊரே பேசியது. அந்தத் தேர்வு யாருடைய கற்பித்தலையும் பார்க்கவில்லை, தேறியவர்களுடையதையும் பார்க்கவில்லை. குழந்தை உளவியலுக்கு 30 கேள்விகள் உண்டு. உளவியலாளர் பியாஜேயின் வளர்ச்சிக் கட்டங்களை மனப்பாடம் செய்தால் குறித்துவிடலாம். ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பழைய ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் இதில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கால் நூற்றாண்டாகப் பிள்ளைகளோடு இருக்கும் ஆசிரியை, அவர்கள் நோட்டைத் திருத்த வேண்டிய நேரத்தில் கைடு வாங்கிப் படிக்க வேண்டியிருக்கிறது. கல்லூரியில் நிலைமை இதைவிட மோசம். நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி, இல்லையென்றால் முனைவர் பட்டம். இருந்தால் வகுப்புக்குள் நுழையலாம். நெட், செட் வழியில் வருகிறவருக்கு அதற்கு முன் கற்பித்தலில் ஒருநாள் பயிற்சிகூடக் கட்டாயமில்லை.

எழுத்துத் தேர்வை மக்கள் ஏன் நம்புகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். நேர்காணல் என்றால் சிபாரிசும் பணமும் நுழையும் என்று பட்டு அறிந்தவர்கள் நாம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மதிப்பெண்தான் பாதுகாப்பு. ஆகவே எழுத்துத் தேர்வு இருக்கட்டும், வடிகட்டுவதற்கு. அதில் தேறியவர்கள் வேறொரு மாவட்டத்து அரசுப் பள்ளியில் உண்மையான பிள்ளைகளுக்கு மூன்று பாடங்கள் நடத்தட்டும். அனுபவமுள்ள ஆசிரியர்கள் மூவர் தனித்தனியே மதிப்பெண் போடட்டும். முழுவதும் வீடியோவில் பதிவாகட்டும். கேட்கிற விண்ணப்பதாரருக்கு அந்தப் பதிவும் மதிப்பெண்ணும் கிடைக்கட்டும். பிள்ளைகள் தவறாகப் போட்ட பத்துக் கணக்குகளைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று எழுதச் சொல்லட்டும். செலவாகும், மாதங்கள் பிடிக்கும். இருசக்கர வாகன உரிமத்துக்கே ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறோம். முப்பது ஆண்டுகள் ஆண்டுக்கு நாற்பது பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன் மூன்று பாடங்களைப் பார்க்க நேரமில்லை என்று எந்த அரசும் சொல்லக் கூடாது.