வெட்டினவருக்குப் பெயர் வேணும்

யாழ்ப்பாணத்தில் இப்ப கண் வைத்த சிவப்பு இதயமொன்று எல்லா இடமும் திரியுது. பஸ் நிலையத்தடிக் கடைகளில் தொங்குற ரீசேர்ட்டுகளில், ரியூசன் விட்டுச் சைக்கிளில் போற பெடியளின் நெஞ்சில், கலியாணத்துக்கு லண்டனிலிருந்து வந்து நிற்கிற அண்ணாமாரின் சேர்ட்டில். கடையில் தொங்குவது போலி, அண்ணாமார் போட்டிருப்பது அசல் என்கிறார்கள். அந்த இதயம் யாருடையது என்று கேட்டால் ரெண்டு பக்கத்திலிருந்தும் 'பிராண்ட்' என்ற ஒரே பதில்தான் வருது.

அது கொம் தே கார்சோன் என்ற ஜப்பானிய உடுப்பு நிறுவனத்தின் சின்னம். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த நிறுவனத்தின் பல கிளை லேபிள்களில் ஒன்றான 'பிளே'யின் சின்னம். 2002இல் தொடங்கின லேபிள் அது. இதயத்தைக் கீறினவர் போலந்துக்காரரான பிலிப் பகோவ்ஸ்கி. அந்த வீட்டிலிருந்து யாழ்ப்பாணம் இதயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எடுத்திருக்கவேண்டிய ரெண்டு விசயங்களை விட்டுவிட்டது என்பதுதான் எங்கட குற்றச்சாட்டு. அந்த ரெண்டும் கிளை லேபிள்களில்தான் இருக்கின்றன.

முதலில் வீட்டைப் பற்றிக் கொஞ்சம். 1969இல் டோக்கியோவில் இதைத் தொடங்கியவர் ரெய் கவகுபோ. கெய்யோ பல்கலைக்கழகத்தில் கலையும் இலக்கியமும் படித்தவர். உடுப்பு வடிவமைப்பை முறையாகப் படிக்காதவர். நிறுவனத்தின் பெயருக்குப் பிரெஞ்சில் 'பெடியள் மாதிரி' என்று அர்த்தம். 1981இல் பாரிஸ் போனார். அடுத்த வருசம் அவர் காட்டிய கறுப்புப் பின்னல் சட்டையில் பெரிய ஓட்டைகள் இருந்தன. பின்னல் மெசினின் திருகாணிகளைத் தளர்த்தி, வேண்டுமென்றே விழ விட்ட ஓட்டைகள். மேற்குப் பத்திரிகைக்காரர் சிலர் அதை ஹிரோஷிமாவோடு சேர்த்து வைத்துக் கொச்சையாக எழுதினார்கள். 1997 இளவேனிலுக்கான தொகுப்பில் முதுகிலும் இடுப்பிலும் பொதி வைத்து, 'அழகான உடம்பு' என்று நாங்கள் பழகி வைத்திருக்கிறதையே குழப்பினார். 2017இல் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் அவருக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது. உயிரோடு இருக்கிற ஒரு வடிவமைப்பாளருக்கு அங்க அப்படி நடந்தது, 1983இல் ஈவ் சான் லோரோனுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

சரி, முதுகில் பொதி வைத்த சட்டையை ஆர் வாங்குவினம்? கொஞ்சப் பேர்தான். அப்படியிருந்தும் இந்த நிறுவனம் ஐம்பது வருசத்துக்கு மேலாக ஒரு பெரிய ஆடம்பரக் கம்பனிக்கும் விலைபோகாமல் நிற்குது. எப்படி?

கிளைகளால். ஆண்களுக்கான 'ஓம்' 1978இல் வந்தது, 'ட்ரிக்கோ' 1981இல், 'ஓம் பிளஸ்' 1984இல், 'சேர்ட்' 1988இல். 1994இல் வாசனைத் திரவியம். பிறகு 'பிளே'. 2008இன் உலக நெருக்கடியை ஒட்டிக் குறைந்த விலையில் 'பிளாக்'. பேர்ஸ்களுக்கென்று தனியாக ஒரு வரிசை. எல்லாம் சேர்த்தால் பதினைந்துக்கு மேல் வரும். இதில் ரீசேர்ட்டும் பேர்ஸும் வாசனைப் போத்தலும் சனம் யோசிக்காமல் வாங்குற சாமான். அந்தக் காசு நிற்கிற இடத்தில்தான் ஒருத்தரும் வாங்காத சட்டையும் நிற்குது. லண்டன் அண்ணா இதயத்துக்குக் குடுத்த காசு, அவர் வாழ்நாளில் போடமாட்டாத ஒரு உடுப்பை ஆரோ வெட்டிப் பார்க்கிறதுக்கு உதவியிருக்குது. இது முதலாவது விசயம்.

எங்கட ஊரில் இந்த ரெண்டும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் கடை: சாறி, பிளவுஸ், லெஹெங்கா, போன வருசம் சென்னையில் வந்த டிசைன். புதுசாக ஒன்றை வெட்டிப் பார்க்க அங்க ஒரு மூலைகூட இல்லை. மற்றப் பக்கம் கலை: பத்திக்கோ கைநெசவோ செய்கிற பிள்ளை ஒரு கண்காட்சி வைக்கும், பிரதம விருந்தினர் வருவார், பொன்னாடை போர்த்துவினம், அதோட சரி. அந்தப் பிள்ளை பிறகு விற்கிற சாமான் செய்தால் 'வியாபாரியாய்ப் போட்டுது' என்று சொல்லுறதும் பொன்னாடை போர்த்தின அதே ஆக்கள்தான். விற்கிறதைக் கேவலம் என்று சொல்லிச் சொல்லியே எங்கட ஊரில் பரிசோதனைகளைப் பட்டினி போட்டுச் சாகடித்திருக்கினம்.

ரெண்டாவது விசயம் இதைவிடப் பெரிசு. அந்த வீட்டில் சில லேபிள்களில் கவகுபோவின் பெயருக்குப் பதிலாக வேறு ஆக்களின் பெயர் இருக்குது.

ஜுன்யா வட்டானபே 1984இல் அங்க வேலைக்குச் சேர்ந்தது பற்றன் வெட்டுறவராக. எங்கட தையல்கடைப் பாசையில் சொன்னால் கட்டிங் மாஸ்டர். 1987இல் 'ட்ரிக்கோ' அவர் கைக்கு வந்தது. 1992இல் அவருடைய சொந்தப் பெயரிலேயே லேபிள். அவருக்குக் கீழே வேலை பழகிய தாவோ குரிஹாராவுக்கு 2005இல் 'தாவோ'. 2008இல் பற்றன் வெட்டுறவராகச் சேர்ந்த கெய் நினோமியாவுக்கு 2012இல் 'நுவார்'. அந்தப் பிள்ளைக்கு அப்ப வயது முப்பதும் இல்லை. வீட்டின் பெயர் பக்கத்தில் இருக்கும், காசு வீட்டுடையது, ஆனால் வெட்டினவரின் பெயர் முன்னுக்கு நிற்கும்.

ஏன் அப்படிச் செய்யினம்? கவகுபோ வேலை செய்கிற முறையிலேயே அதற்குக் காரணம் இருக்குது. அவர் படம் கீறிக் குடுத்து 'இதைத் தை' என்று சொல்லுறவர் இல்லை. ஒருமுறை கசக்கின கடதாசித் துண்டொன்றைக் குடுத்து, இப்படி ஒரு உடுப்பு வேணும் என்று கேட்டவராம். அந்தக் கசங்கலைச் சட்டையாக்கிறது வெட்டுறவரின் மூளை. அது மூளை வேலை என்று ஒத்துக்கொண்டால், ஒருநாள் அந்த ஆளின் பெயரையும் எழுதத்தானே வேணும்?

இனி எங்கட பக்கம் வருவோம். கனடாவிலும் பாரிஸிலும் நடக்கிற தமிழ்க் கலியாணங்களுக்கு யாழ்ப்பாணத்தில் பிளவுஸ் தைத்துப் பார்சலில் போகுது. ஆரி வேலை செய்த ஒரு பிளவுஸுக்குப் பின்னால் நாள்கணக்கான கண்வலி இருக்குது. அதைச் செய்கிறது கோப்பாயிலோ சுன்னாகத்திலோ வீட்டு விறாந்தையில் சட்டம் போட்டு இருக்கிற ஒரு அக்கா. முகநூலில் படம் வரும்போது மூலையில் கடையின் பெயர் இருக்கும். படம் எடுத்தவரின் பெயர், மேக்கப் போட்டவரின் பெயர், மொடலின் பெயர்கூட இருக்கும். ஊசி பிடித்தவருக்கு மட்டும் பெயர் இல்லை. 'எங்கட ஆக்கள் செய்தது' என்பதோடு முடிஞ்சுது.

ஆனையிறவைத் தாண்டிக் கிளிநொச்சிக்குப் போனால் இன்னொரு வகை. யுத்தத்துக்குப் பிறகு அங்க வந்த மாஸ் நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலைகளின் பெயர்கள் 'விடியல்', 'வானவில்'. கட்டடத்துக்கு நல்ல தமிழில் பெயர் வைக்கத் தெரிஞ்சிருக்குது. நைக், விக்டோரியாஸ் சீக்ரெட் போன்ற உலகப் பெயர்களுக்கு உடுப்புச் செய்கிற குழுமம் அது. உடுப்பில் பிராண்டின் பெயர் இருக்கும், நாட்டின் பெயர் இருக்கும், எத்தனை பாகை வெந்நீரில் தோய்க்கவேணும் என்றும் இருக்கும். தைத்த பிள்ளை ஆரென்று அந்த லேபிள் சொல்லுறதில்லை.

இது இண்டைக்கு வந்த பழக்கமும் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் இஞ்சத்தை மண்ணிலிருந்து சாயவேர் கிண்டி எடுத்தார்கள். துணிக்குச் சிவப்பு ஏற்றுகிற வேர். அந்த வியாபாரம் கம்பனியின் ஏகபோகம். கம்பனியின் பெயர் எல்லாச் சரித்திரப் புத்தகத்திலும் இருக்குது. வெயிலில் குனிந்து வேர் கிண்டினவர்களைச் சாதிப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். பெயர் குடுக்காமல் விடுகிற கெட்டித்தனத்தை இந்தக் குடாநாடு சாதியிடமிருந்துதான் படித்தது என்று நாங்கள் சொன்னால் கோபிக்காதையுங்கோ. தையல், நெசவு, சாயம், வெளுப்பு என்று உடுப்போடு சேர்ந்த ஒவ்வொரு வேலையையும் ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, உடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனவர்கள்தானே நாங்கள்?

இதற்கு ரெண்டு மறுப்பு வரும் என்று தெரியும்.

ஒன்று எங்கட இடதுசாரித் தோழர்களிடமிருந்து: 'ஒரு ரீசேர்ட்டுக்கு முப்பதினாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குற கம்பனியிடம் என்ன படிக்கக் கிடக்கு?' விலை அநியாயம், ஒத்துக்கொள்ளுறம். அங்கயும் பெயர் கிடைச்சது வெட்டுற மேசை வரைக்கும்தான். மெசினில் இருக்கிறவருக்கு அங்கயும் பெயர் இல்லை. கவகுபோவைத் தெய்வமாக்க நாங்கள் வரவில்லை. ஆனால் ஒரு முதலாளித்துவக் கம்பனியே கட்டிங் மாஸ்டருக்குப் பெயர் குடுக்கலாம் என்று கண்டுபிடிக்கும்போது, உழைப்பைப் பற்றி மேடையில் முழங்குகிற நாங்கள் எங்கட நாடகத்துக்கு உடுப்புத் தைத்தவரின் பெயரை நிகழ்ச்சி நிரலில் போடாமல் விடுறது எந்த மார்க்சியம்?

மற்றது கடைக்காரரிடமிருந்து: 'பெயர் போட்டால் சோறு வருமோ?' வரும். பெயர் தெரிந்தால் அடுத்த ஓடர் நேரடியாக அந்த அக்காவுக்குப் போகும். கூலி பேசுறதுக்கு அவவின் கையில் ஒரு பிடி இருக்கும். இந்தக் கடையில் சரிவராவிட்டால் மற்றக் கடைக்குத் தன்ர பெயரோடு போவா. உங்களுக்குப் பயமும் அதுதான். அப்படியெண்டால் பெயருக்குப் பெறுமதி இல்லை என்று சொல்லாதையுங்கோ. அந்தப் பெறுமதியை நீங்கள் வைத்திருக்கிறீங்கள் என்று சொல்லுங்கோ.

நாங்கள் கேட்கிறது பெரிய புரட்சி இல்லை. பிளவுஸின் உள்பக்கத்தில் ரெண்டு விரல் அகலத் துணித்துண்டு: வெட்டினவர் இன்னார், ஆரி வேலை இன்னார். முகநூல் படத்துக்குக் கீழே அதே ரெண்டு வரி. அதற்கு ஒரு சதமும் செலவில்லை. கடை வைத்திருக்கிறவர்கள் வருசத்தில் ஒரு மாதம் தங்கட கட்டிங் மாஸ்டரிடம் துணியைக் குடுத்து, 'உனக்குப் பிடிச்சதை வெட்டு, உன்ர பெயரில் தொங்கவிடுறன்' என்று சொல்லிப் பார்க்கட்டும். விற்காமல் போனால் ஒரு துணிக்கட்டு நட்டம். விற்றால் யாழ்ப்பாணத்துக்குச் சொந்தமாக ஒரு லேபிள்.

எங்கட பங்குக்கு நாங்களும் ஒன்றைச் சொல்லி வைக்கிறோம். இனி இந்தப் பக்கத்தில் உடுப்பு, நெசவு, கைப்பணிக் கண்காட்சி எதற்கு விமர்சனம் எழுதக் கேட்டு வந்தாலும், முதலில் செய்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்போம். பட்டியல் இல்லையென்றால் விமர்சனமும் இல்லை.