சோப்பு வாங்குகிறவரும் வரி கட்டுகிறவர்தான்



நம் கும்மிடிப்பூண்டி பஜாரில் கம்ப்யூட்டர் பில் தருகிற கடையில் ஒரு சோப்பு வாங்குகிறீர்கள். எம்.ஆர்.பி. 42 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பில்லின் அடியில் பொடி எழுத்தில் சி.ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம், எஸ்.ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் என்று இருக்கும். சோப்பின் விலை 40 ரூபாய்தான். மிச்சம் இரண்டில் ஒரு ரூபாய் மத்திய அரசுக்கு, ஒரு ரூபாய் தமிழக அரசுக்கு. 2025 செப்டம்பர் 22-ல் வரி குறைவதற்கு முன்பு இதே 40 ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீதம் வரி. ஆளுக்கு 3 ரூபாய் 60 காசு எடுத்துக்கொண்டார்கள்.

விற்பனை வரிக்கு நம் மாநிலம் புதிதல்ல. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி அரசு, அதனால் விழுந்த வருவாய்ப் பள்ளத்தை நிரப்ப 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. அன்றைய சென்னை மாகாணத்தைப் பார்த்து மற்ற மாகாணங்களும் பின்தொடர்ந்தன. பிறகு 2007-ல் மதிப்புக் கூட்டு வரியான வாட் வந்தது; 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. ஆந்திர எல்லையில் எளாவூர் பக்கம் வணிக வரிச் சோதனைக்காக லாரிகள் வரிசைகட்டி நின்ற காலம் அதோடு முடிந்தது. இப்போது டிரைவர் கையில் சரக்கு பில்லும் இ-வே பில்லும் இருந்தால் போதும்.

ஆனால் எல்லையோரத் தொழில்பேட்டையான நமக்கு ஜி.எஸ்.டி. ஒரு கணக்கை மாற்றிவிட்டது. முன்பெல்லாம் இங்கே உருட்டிய டி.எம்.டி. கம்பியை ஆந்திராவுக்கு விற்றால், மத்திய விற்பனை வரியாக 2 சதவீதம் தமிழ்நாட்டுக்கே கிடைக்கும். இப்போது அந்தக் கம்பி எந்த ஊரில் வீடாக நிற்கிறதோ, மாநிலப் பங்கும் அந்த மாநிலத்துக்கே போகிறது. பொருளைச் செய்கிற மாநிலம் நஷ்டப்படும் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா எதிர்த்ததும், 2016 ஆகஸ்டில் மாநிலங்களவை வாக்கெடுப்பின்போது அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்ததும் இதனால்தான்.

இதே கணக்குக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதை நாம் பேசுவதே இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து சிப்காட் தொழில்பேட்டையில் வேலை பார்க்கிற தொழிலாளர்கள் சோப்பும் பற்பசையும் பிஸ்கட்டும் இங்கேதான் வாங்குகிறார்கள். சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்கிறோம். அனுப்பியது போக இங்கே செலவழிக்கிற பணத்தில் உள்ள மாநில வரி ஒடிசாவுக்கும் போகாது, பீகாருக்கும் போகாது, சென்னைக்குத்தான் போகும். வருமான வரி கட்டாதவர் உண்டு. கடைக்குப் போகிறவர்களில் வரியே கட்டாதவர் இல்லை. ‘எங்கள் வரிப்பணம்’ என்று சொல்லும் உரிமை ரேஷன் வரிசையில் நிற்கும் பாட்டிக்கும் உண்டு, ஒடிசாக்காரத் தம்பிக்கும் உண்டு.

எல்லாச் சரக்குக்கும் ஒரே கணக்கு இல்லை என்பதுதான் வேடிக்கை. 2022 ஜூலையிலிருந்து, 25 கிலோ வரை பை போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம். மூட்டையைப் பிரித்து அளந்து கொடுத்தால் வரி இல்லை. நம் வியாபாரிகள் விடுவார்களா? 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்துவிட்டது!

பெட்ரோல், டீசல் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. மத்திய அரசின் கலால் வரி தனி, மாநில வாட் தனி. அதனால்தான் ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திராவின் தடாவுக்குள் நுழைந்ததும் பங்க்கில் விலைப் பலகை மாறுகிறது.

சினிமா டிக்கெட்டில் மூன்றாவதாக ஒரு கையும் நீளும். ஜி.எஸ்.டி.க்கு மேல் உள்ளாட்சிகளுக்கான கேளிக்கை வரி. 2017 ஜூலையில் இந்த இரட்டை வரியை எதிர்த்துத் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் சில நாள் மூடிக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும்.

வரி அதிகமா குறைவா என்ற விவாதம் நடக்கட்டும். கட்டிய வரி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று பார்ப்பது நம் கையில் இருக்கிறது. ‘பில் போட்டா ஜி.எஸ்.டி. சேரும், பரவாயில்லையா?’ என்று கடைக்காரர் கேட்டால் நம்மில் பலர் ‘வேண்டாம்ணே’ என்று சொல்லிவிடுகிறோம். பொட்டலத்தில் எம்.ஆர்.பி. அச்சிட்ட பொருளுக்கு இந்தக் கேள்வியே தப்பு. அந்த விலைக்குள் வரி அடக்கம். அதற்கு மேல் ஒரு பைசா கேட்கக் கூடாது. முழு விலையும் கொடுத்துவிட்டு பில் வாங்காமல் வந்தால், அரசுக்கு என்று நாம் கொடுத்த பணம் கல்லாவிலேயே தங்கிவிடலாம்.

சிறு கடைக்காரர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாத சரக்குக் கடைக்குப் பொதுவாகப் பதிவே தேவையில்லை. ‘காம்போசிஷன்’ திட்டத்தில் இருக்கிற கடை தன் விற்றுமுதலுக்கு ஏற்ப வரி கட்டும். வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. ஆகவே பில்லில் ஜி.எஸ்.டி. என்று தனியாகக் காசு வாங்கினால், அந்தக் கடையின் 15 இலக்கப் பதிவு எண்ணும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-ல் தொடங்கும். ஆந்திரா என்றால் 37.

இந்த மாதம் வீட்டுக்கு மளிகை வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்து, மத்திய அரசுக்கு எவ்வளவு, மாநில அரசுக்கு எவ்வளவு என்று கூட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை தெருவிளக்கு எரியவில்லை, சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது என்று மனு எழுதும்போது, கெஞ்சி எழுத வேண்டாம், கேட்டு எழுதுங்கள். நீங்கள் வரி கட்டியவர்.

அன்புடன்,
ஆசிரியர்