வாடகை தண்டம் என்பவர்களுக்கு

"வாடகையாக் கொட்டுற காச ஈ.எம்.ஐ.யாக் கட்டினா, ஒரு வீடாவது மிஞ்சும்." கூடுவாஞ்சேரியில் குடியிருக்கும் யாரும் இந்த வேதவாக்கிலிருந்து தப்ப முடியாது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபிறகு சத்தம் இன்னும் கூடிவிட்டது.

சரி, கணக்குப் போடுவோம். 40 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். முதல் மாதத் தவணையில் 28,333 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 6,400கூட இல்லை. வட்டி என்பது பணத்துக்குக் கொடுக்கும் வாடகைதானே? நான் என் வீட்டுக்குக் கொடுப்பது 12,000. இப்போ சொல்லுங்க, யாரு கொட்டுறா?

விலை ஏறும் என்பீர்கள். ஏறலாம். அது சூதாட்டம், ஆடுபவர்கள் ஆடட்டும்.

ஆனால் ஜனங்கள் கணக்குத் தெரியாமல் கடன் வாங்குவதில்லை. "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்விக்கு இனி பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் வாங்குகிறார்கள். ("சைவமா?" என்பது அதே கேள்வி, கொஞ்சம் பவுடர் பூசியது.) தனியாக இருக்கும் பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்று ஓனர் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார். காலி பண்ணும்போது பெயிண்ட் காசு என்று அட்வான்ஸில் பிடிப்பார். இதிலிருந்து தப்பிக்க 20 வருடச் சம்பளத்தை அடகு வைக்கிறார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்றது 1960ஆம் வருடச் சட்டம். யார் மதித்தார்கள்? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் மூன்று மாதம் என்கிறது, 'வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்' என்ற வாலோடு. ஒப்பந்தத்தை எழுதுவது யார்? நான் கொடுத்தது பத்து மாத அட்வான்ஸ், கையெழுத்துப் போட்டுத்தான். சாதி கேட்டு வீடு மறுப்பதைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது.

"அப்போ லீஸுக்குப் போ" என்கிறார்கள். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்தால் மாத வாடகை இல்லை. கொரியாவில் இதன் பெயர் ஜியோன்சே. பணத்தைப் பறிகொடுத்தவர்கள் பெருகி, 2023இல் அங்கே அவர்களுக்கென்று தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. நம்மூரில் அந்த வீடு ஏற்கெனவே வங்கி அடமானத்தில் இருந்தால், ஓனர் தவணை கட்டாத அன்று உங்கள் லட்சங்கள் வங்கிக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

எனக்கு வீடு வாங்க மானியம் வேண்டாம். அந்த வாலை வெட்டுங்கள். சாதி கேட்டு வீடு மறுப்பதைக் குற்றமாக்குங்கள். அதுவரை தண்டம் தண்டம் என்று என்னிடம் வராதீர்கள்.