மூன்று கொட்டேஷன், ஒரே பிழை



சென்ற வாரம் ஒரு சின்ன சமுதாயக் கல்லூரிக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். தையல், நோயாளி பராமரிப்பு, கம்ப்யூட்டர் என்று ஓராண்டுப் படிப்புகள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகளும், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வரும் பெண்களும் படிக்கிறார்கள். 1990-களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கியதே இவர்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

கம்ப்யூட்டர் லேபில் இருபது மேசை. ஒவ்வொரு மானிட்டருக்கும் தையல் வகுப்புப் பிள்ளைகள் தைத்துக் கொடுத்த பூப்போட்ட உறை. லேபைப் பார்த்துக்கொள்ளும் அக்கா உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஓடுபவை பதினொன்று. மிச்சம் ஒன்பதும் நல்ல மெஷின்கள்தாம். யு.பி.எஸ். பேட்டரி போய்விட்டது, கரன்ட் ஏறி இறங்கும் ஊர், ஆன் பண்ணப் பயம். வாங்கும்போது பேட்டரியைப் பற்றியோ ஏ.எம்.சி. என்னும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் பற்றியோ யாரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

கல்லூரி முதல்வர் அம்மா தயங்காமல் கொள்முதல் ஃபைலை எடுத்துக் கொடுத்தார். மூன்று கொட்டேஷன். கடைப் பெயர் வேறு, முத்திரை வேறு, கையெழுத்தும் வேறு. ஆனால் மூன்றிலும் ‘மானிட்டர்’ என்ற சொல்லில் அதே இடத்தில் அதே எழுத்து விட்டுப்போயிருந்தது. நான் விரலை வைத்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. கம்ப்யூட்டர் வாங்கப் பணம் வந்தது பிப்ரவரிக் கடைசியில். மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். “மூணு கொட்டேஷனையும் நானே கொண்டு வந்துடறேன் மேடம்” என்று கடைக்காரர் சொன்னபோது முதல்வர் அம்மாவுக்கு அது உதவியாகத்தான் பட்டிருக்கிறது. அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பணத்தை அவ்வளவு தாமதமாக அனுப்புகிறவர்களிடம்தான் முதல் கேள்வியைக் கேட்க வேண்டும்.

சிறு தொகைக்குக் கொட்டேஷன் போதும். தொகை கூடினால் டெண்டர். தமிழ்நாட்டில் இதற்கென்று 1998-லேயே ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்துவிட்டது. அரசுத் துறைகள் முதல் உள்ளாட்சிகள், பல்கலைக்கழகங்கள் வரை அதற்குக் கட்டுப்பட்டவை. “யார் குறைவாகப் போட்டாலும் அவருக்கே கொடுக்கணும், வேற வழியில்லை” என்று அலுவலகங்களில் சொல்லக் கேட்கிறோம். சட்டம் சொல்வது இன்னும் நுட்பமானது. டெண்டர் ஆவணத்திலேயே முன்கூட்டி அறிவித்த, அளந்து பார்க்கக்கூடிய காரணிகளை வைத்துத்தான் எது குறைந்த ஒப்பந்தப்புள்ளி என்று முடிவு செய்யச் சொல்கிறது. அப்படியென்றால் மூன்றாம் ஆண்டு பேட்டரி மாற்ற என்ன செலவு, டோனர் என்ன விலை, போன் பண்ணினால் எத்தனை மணி நேரத்தில் மெக்கானிக் வருவார் என்பதையெல்லாம் முதலிலேயே எழுதிக் கணக்கில் சேர்க்கலாம். கவர் பிரித்த பிறகு சேர்த்தால் அநியாயம்.

வாசகர்களே, ஏமாற்று நடப்பது பெரும்பாலும் கவர் பிரிக்கும் நாளில் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால், “என்ன வேண்டும்” என்று எழுதும் அந்தத் தாளில் நடக்கிறது. ஒரு பிராண்டின் பெயரை எழுதினால் போட்டி அங்கேயே முடிந்தது. பெயரை எழுதாமல், ஒரே ஒரு மாடலுக்கு மட்டும் பொருந்தும்படி எடையையும் அகலத்தையும் எழுதுகிறவர்களும் உண்டு. அதற்குப் பதிலாக, பிள்ளைகள் கம்ப்யூட்டரில் என்ன கற்கப்போகிறார்கள் என்று எழுதுங்கள். டைப்பிங், டேலி, இணையம், ஒரு மனு எழுதி பிரின்ட் எடுப்பது. அதற்கு எந்த மெஷின் போதும் என்று நாலு கடைக்காரர்கள் போட்டிபோட்டுச் சொல்லட்டும்.

வாங்கி முடித்ததும் தேர்வு அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்ட வேண்டும். யாரிடம் வாங்கினோம், என்ன விலை, வேறு யார் யார் என்ன விலை சொன்னார்கள், வாரண்டி எந்தத் தேதி வரை. அரசு அமைப்புகள் யாரும் கேட்காமலே இப்படித் தகவல்களை வெளியிட வேண்டும் என்பது 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நாலாம் பிரிவிலேயே இருக்கிறது.

கிளம்பும்போது லேப் அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டைக் காட்டினார். எந்த மெஷின் எந்தத் தேதியில் நின்றது, மெக்கானிக் என்ன சொன்னார், எவ்வளவு கேட்டார் என்று நாலு வருடமாக எழுதி வைத்திருக்கிறார். கொள்முதல் குழுவில் யாரும் அதைக் கேட்டதில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவரையும் நோட்டோடு கூப்பிடுவதாக முதல்வர் அம்மா சொல்லியிருக்கிறார்.

உங்களில் இப்படி நோட்டு வைத்திருப்பவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்