மூடு வரட்டும்னு காத்திருக்காதீங்க

1/ சுகர் ஓபியில "வாக்கிங் போறீங்களா?"ன்னு கேட்டா அடிக்கடி வர்ற பதில்: "ஆர்வமே வரல டாக்டர்." உடனே சோம்பேறின்னு திட்டுறோம். அது தப்பு. ஆர்வம் வந்து நடக்கறதில்ல. நடக்க நடக்கத்தான் ஆர்வம் வரும்.

2/ பழகாத உடம்புக்கு பத்து நிமிஷ நடையே மூச்சு வாங்கும். சில வாரம் விடாம நடந்தா, அதே வேகத்துக்கு இதயம் குறைவா துடிச்சாலே போதும். அதே தூரம் லேசா தெரியும். லேசா இருக்கறதைத்தான் மனசு மறுபடி கேக்கும்.

3/ முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடி, மறுநாள் கால் வலியில படுத்தா, மனசு அதை தண்டனைன்னு எழுதி வச்சுக்கும். பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். நெஞ்சு வலிச்சா மட்டும் நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரி வாங்க.

4/ லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வுல, ஒரு புதுப் பழக்கம் படிய சுமார் 66 நாள் ஆச்சு. ஆளுக்கு ஆள் 18லேருந்து 254 வரைக்கும். நடுவுல ஒரு நாள் விட்டதால பெருசா கெடல.

5/ அதனால டாக்டர்களே, சீட்டுல "வாரம் 150 நிமிஷம்"னு மட்டும் எழுதாதீங்க. "ராத்திரி சாப்பிட்டதும் பத்து நிமிஷம்"னு ஆரம்பிச்சு வைங்க. மீதியை அவங்க உடம்பே கேக்கும்.